தொரட்டிக் கம்பும் லைடன் ஜாடியும்



"ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்க சார், ஆனா போர் அடிக்கக் கூடாது" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் சரித்திரம் படித்தவன் அல்ல, கெபாசிட்டர் படித்தவன். ஆகவே கெபாசிட்டரின் சரித்திரத்தில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எழுதுகிறேன். மின்சாரத்தைச் சேர்த்து வைக்க மனிதன் கற்றுக்கொண்டது எப்போது என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. சேர்த்ததை அடி வாங்காமல் இறக்கி வைக்க எப்போது கற்றுக்கொண்டான் என்பது எதிலும் இல்லை. இது அந்தக் கதை. நடுவில் நம் லேபும் வரும். நானும் வருவேன், பெருமைப்படும் விதத்தில் அல்ல.

எண்பதுகளில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் நுழைந்ததும் இடது பக்கம், மணல் வாளிகளுக்கு மேலே, சுவரில் ஒரு மூங்கில் கம்பு தொங்கும். நுனியில் பித்தளைக் கொக்கி. கொக்கியின் அடியில் ஒரு பீங்கான் ரெசிஸ்டர். அதிலிருந்து பின்னல் செம்புக் கம்பி ஒன்று கீழே இறங்கி, ஒரு குரோக்கடைல் கிளிப்பில் முடியும். பார்ப்பதற்கு மாங்காய் பறிக்கிற தொரட்டி மாதிரியே இருந்ததால் நாங்கள் வைத்த பெயரும் "மாங்கா தொரட்டி"தான். அதைச் செய்தவர் எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன். ஐ.டி.ஐ. படித்தவர். அவர் சொன்ன விதிகள் இவை: "முதல்ல கிளிப்ப சேஸிஸ்ல மாட்டு. அப்புறம் கொக்கியால தொடு. ரெண்டு நிமிஷம் விட்டு மறுபடி தொடு. ஒரு கை வேலைக்கு, இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள." நாங்கள் சிரிப்போம். ஆர்-சி டைம் கான்ஸ்டன்ட்டை இன்டெக்ரல் போட்டு வரவழைக்கத் தெரிந்த எங்களுக்கு மூங்கில் கம்பு எதற்கு?

அந்த அண்ணனின் ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் அடி வாங்கி எழுதியது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் அடி வாங்கியவர் ஒரு பாதிரியார். பால்டிக் கடற்கரையை ஒட்டிய பொமரேனியாவில் காமின் என்ற ஊர்த் தேவாலயத்தின் தலைவர், எவால்ட் கியோர்க் ஃபான் க்ளைஸ்ட். 1745 அக்டோபரில் ஒரு மருந்து பாட்டிலுக்குள் ஆணியை இறக்கி, உராய்வு இயந்திரத்தில் அதை மின்னேற்றிப் பார்த்தார். ஒரு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆணியைத் தொட்டதும் கையும் தோளும் அதிர்ந்துவிட்டன. அவர் பலருக்குக் கடிதம் எழுதினார். படித்தவர்கள் செய்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை! காரணம் வேடிக்கையானது. பாட்டிலைக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு உள்ளே திரவம் ஒரு தகடு, வெளியே உள்ளங்கை இன்னொரு தகடு. கை இல்லாவிட்டால் கெபாசிட்டரே இல்லை. அதாவது உலகின் முதல் மின்தேக்கியில் பாதி, மனிதனே. அடி விழாமல் எப்படி இருக்கும்?

சில மாதங்களில் இதே விஷயம் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் தனியாக நடந்தது. அங்கே பேராசிரியர் பீட்டர் ஃபான் முஷென்புரூக். அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோகும் குனேயஸ் என்ற வழக்கறிஞர், பேராசிரியர் செய்வதைப் பார்த்து, தானும் செய்து பார்க்க ஆசைப்பட்டார். அந்தக் காலத்துப் பாடப்படி, மின்னேற்றும் பொருளை மின்சாரம் ஓடாத பீடத்தில் வைக்க வேண்டும். வழக்கறிஞருக்கு அந்தப் பாடம் தெரியாது. பாட்டிலைக் கையில் பிடித்தார், கம்பியைத் தொட்டார், வாங்கினார். பிறகு பேராசிரியரும் செய்து பார்த்து, 1746 ஜனவரியில் பாரிஸிலிருந்த ரியோமூருக்குக் கடிதம் எழுதினார். பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு தடவை அதைத் தொட மாட்டேன் என்பது அதில் அவர் சொன்ன பொருள். அந்தக் கடிதத்தைப் பிரெஞ்சில் வெளிக்கொண்டு வந்த அபே நொல்லேதான் இதற்கு ஊர்ப் பெயரை வைத்துப் பிரபலமாக்கினார். லைடன் ஜாடி என்று ப்ளஸ் டூவில் படம் போட்டுப் பாகம் குறித்தோமே, அது இதுதான்.

முதல் வருடம் முழுக்க ஐரோப்பா செய்ததைப் பார்த்தால் நம் ஹாஸ்டல் பசங்களை மன்னித்துவிடலாம். லைப்ஸிக் நகரப் பேராசிரியர் விங்க்ளர் தானும் அடி வாங்கி, மனைவிக்கும் கொடுத்தார். அந்த அம்மாள் நடக்க முடியாமல் தளர்ந்துபோனார். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒன்று வாங்கியபோது மூக்கில் ரத்தம் வந்தது. (ஒரு வாரம் கழித்து ஏன் மறுபடி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) பாரிஸில் நொல்லே, ராஜா முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்க வைத்து, இரு கோடியிலும் ஜாடியைத் தொட வைத்தார். 180 பேரும் ஒரே நொடியில் துள்ளினார்கள். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு டிஸ்சார்ஜ் செய்யும் கருவி என்பது மனித உடம்பு மட்டும்தான். மீட்டரும் அதுவே. இங்கிலாந்தில் ஹென்றி கேவெண்டிஷ் 1770களில்கூட, இரண்டு மின்னோட்டங்களில் எது பெரிது என்பதைத் தன் உடம்பில் அடியை வாங்கி ஒப்பிட்டுத்தான் குறித்துக்கொண்டார்.

இதில் எனக்கு மறக்க முடியாத ஆள் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். ஜாடியின் உள்ளே எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வெளியே குறைகிறது, இரண்டையும் இணைத்தால் சரியாகிவிடும் என்று 1747லேயே தெளிவாகச் சொன்னவர் அவர்தான். டிஸ்சார்ஜ் என்றால் என்ன என்பது உலகத்தில் அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்காது. அப்படிப்பட்டவர் 1750 டிசம்பர் 23 மாலை, ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொல்லப்போகிறேன் என்று நண்பர்கள் நடுவே உட்கார்ந்தார். இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள், சாதாரணக் குப்பிகள் 40 அளவுக்குச் சேர்த்து வைத்தவை. ஒரு கையில் ஜாடிகளின் வெளிப்பக்கத்தோடு இணைந்த சங்கிலி. சுற்றியிருந்தவர்கள் பேச்சுக் கொடுக்க, கவனம் சிதறி, மறு கை மேலே இருந்த கம்பிகளைத் தொட்டுவிட்டது. பெரிய வெளிச்சமும் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தமும் கேட்டதாக இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் எதையும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. தலை முதல் கால் வரை ஒரே அறை. சங்கிலி பிடித்த கையில் ரத்தம் வடிந்துபோன மாதிரி வெளுத்து, சரியாக எட்டுப் பத்து நிமிடம் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து, 25ஆம் தேதி, ஒரு கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். இன்னொரு மின்சார ஆர்வலருக்கு எச்சரிக்கையாகச் சொல்லலாம், அதற்கு மேல் பரப்ப வேண்டாம், இவ்வளவு பெரிய தவறு செய்ததற்கு வெட்கமாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் எழுதுவதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1982. நாங்கள் மூன்றாம் ஆண்டு. லேபில் ஒரு பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் இருந்தது. போர்க்கால உபரிச் சாமான் என்று சொல்வார்கள். அதன் பவர் சப்ளையில் பிஸ்கட் டின் அளவில் இரண்டு எண்ணெய்க் கண்டென்சர்கள், ஒவ்வொன்றும் 8 மைக்ரோஃபாரட், 700 வோல்ட். இரண்டும் இணையாக, ஆக 16. அவற்றின் குறுக்கே 1 லட்சம் ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர். இதை ப்ளீடர் என்பார்கள், அதாவது வடியவிடும் ரெசிஸ்டர். கணக்குப் போட்டால் டைம் கான்ஸ்டன்ட் 1.6 விநாடி. ஐந்து மடங்கு, 8 விநாடியில் எல்லாம் வடிந்துவிடும். பேப்பரில் சரி.

சாப்பாட்டு மணிக்கு முன் அணைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்ததும் என் நண்பன் உள்ளே ஒரு வயரைப் பற்ற வைக்கக் குனிந்தான். "தொரட்டிய எடுக்கவாடா?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "முக்கால் மணி நேரம் ஆச்சுடா. எட்டு செகண்டு போதும். சும்மா தொடு."

ப்ளீடர் ரெசிஸ்டரின் கம்பி, பீங்கான் பூச்சுக்கு அடியில் எப்போதோ அறுந்துபோயிருந்தது. வெளியே பார்த்தால் புத்தம் புதுசு. நல்ல எண்ணெய்க் கண்டென்சர் தன்னிடம் இருப்பதை மணிக்கணக்கில் வைத்திருக்கும். அவன் இடது கை சேஸிஸில், வலது கை டெர்மினலில். 4 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவுதான். அது ஆளைக் கொல்லவில்லை. பின்னால் தூக்கி எறிந்தது. முழங்கை போய் மீட்டர் அலமாரியின் கண்ணாடியில் இறங்கியது. ஒன்பது தையல். முழங்கையில் நரம்பு வெட்டுப்பட்டதால் அவனுடைய சுண்டு விரல் அதற்குப் பிறகு நேராக நிமிரவே இல்லை.

பெரியவர்கள் விசாரித்தார்கள். கம்பை எடுக்கவில்லை என்று சொன்னால் லேபுக்குள் விட மாட்டார்கள் என்று பயம். "தரை ஈரமா இருந்தது சார், வழுக்கிட்டான்" என்று நான்தான் சொன்னேன். பதிவேட்டிலும் அப்படியே ஏறியது. தரையைத் துடைக்க வைக்கும் பொறுப்பு லேப் அண்ணனுடையது. அவருக்கு ஒரு மெமோ வந்தது. அன்று மாலை அவர் பழுதான ப்ளீடரைக் கழற்றி, மீட்டரில் வைத்து, முள் அசையாததைப் பார்த்து, என்னிடம் நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் புது ரெசிஸ்டரைப் போட்டுவிட்டு வழக்கம் போல, "கிளிப்ப முதல்ல மாட்டு தம்பி" என்றார். அவர் இப்போது இல்லை. அவரிடம் நான் சொல்லவும் இல்லை.

இதை எழுதலாமா என்று நண்பனிடம் போனில் கேட்டேன். "தாராளமா எழுதுடா. ஆனா ஒன்பது தையல்னு எழுது, எட்டுன்னு கொறச்சிராத" என்றான்.

சரித்திரத்துக்கு வருவோம். உடம்பை நடுவில் விடாமல் ஜாடியை இறக்க முடியும் என்ற புத்தி 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. வளைந்த பித்தளைக் கம்பி, இரு முனையிலும் உருண்டை, பிடிப்பதற்குக் கண்ணாடிக் கைப்பிடி. பெயர் டிஸ்சார்ஜிங் ராட். நம் இயற்பியல் துறைக் கண்ணாடி அலமாரியில்கூட ஒன்று இருந்தது, பலர் அதை ஏதோ இடுக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதை உபயோகிக்க ஒரு முறை உண்டு. ஒரு உருண்டையை முதலில் ஜாடியின் வெளிப்பூச்சில் வைத்துவிட வேண்டும். பிறகுதான் மறு உருண்டையை மேல் குமிழுக்குக் கொண்டுபோக வேண்டும். வரிசை மாறினால், தொங்கிக்கொண்டிருக்கும் முனையை நீங்களே தேடிப்போய்த் தொட்டுவிடலாம். அண்ணனின் முதல் விதி இதுவே: கிளிப் முதலில், கொக்கி பிறகு.

இரண்டாவது விதியின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜாடியை முழுக்க இறக்கிவிட்டுச் சற்று நேரம் சும்மா வைத்தால், யாரும் மின்னேற்றாமலே மறுபடி ஒரு சின்னப் பொறி கொடுக்கும். கண்ணாடிக்குள் ஊறிப்போனது மெல்லத் திரும்பி வருகிறது. 1854ல் ஜெர்மனியில் ருடால்ஃப் கோல்ராவுஷ் இந்த எச்சத்தை முறையாக அளந்தார். மேக்ஸ்வெல் 1873ல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரே சீரான பொருளாக இல்லாமல், மின்சாரத்தை வேறுவேறு அளவில் கடத்தும் அடுக்குகளாக இருந்தால் இப்படி நடக்கும் என்றார். சில வருடங்களில் ஜான் ஹாப்கின்ஸன் பலவகைக் கண்ணாடிகளில் சோதித்துப் பார்த்தார். கண்ணாடிக்கு மட்டுமல்ல, எண்ணெய்த் தாளுக்கும், இன்றைய எலெக்ட்ரோலிட்டிக்குக்கும் இது உண்டு. புத்தகத்தில் டைஎலெக்ட்ரிக் அப்ஸார்ப்ஷன் என்று போட்டிருக்கும். அண்ணன் சொன்னது: "அது செத்த மாதிரி நடிக்கும் தம்பி."

ஜாடி என்ற வடிவம் இல்லாமலே ஜாடி உருவாகலாம் என்பதைக் காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. 1850களில் கடலடித் தந்திக் கம்பிகள் வரத் தொடங்கியபோது, கட்டாபெர்ச்சா உறை போட்ட நீளமான கம்பிச் சுருள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்க, பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அடி கொடுப்பதைப் பார்த்தார். உள்ளே செம்பு, வெளியே தண்ணீர், நடுவில் உறை. மைல் கணக்கில் நீண்ட லைடன் ஜாடி! 1854ல் இதை விளக்கிப் பேசினார். இன்றும் பூமிக்கடியில் போகும் உயரழுத்தக் கேபிளில் வேலை பார்ப்பவர்கள் சப்ளையை நிறுத்தியதோடு விடாமல், எர்த் செய்த பிறகே கை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மின்தேக்குத் திறனின் அலகுக்கு அவர் பெயரிலிருந்து ஃபாரட் என்று வைத்ததில் நியாயம் இருக்கிறது.

பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பாடப் புத்தகத்தில் மின்தேக்கி. வகுப்பில் கெபாசிட்டர். ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் இன்னும் பலர் கண்டென்சர் என்பார்கள். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் சொல்வதும் "கண்டென்சர் போயிருச்சு சார்"தான். தப்பாகச் சொல்கிறார்கள் என்று நாம் திருத்தப் பார்ப்போம். அது 1782ல் வோல்ட்டா கொடுத்த பெயர். பழைய பெயரை வைத்திருப்பவர்கள் அவர்கள்.

20ஆம் நூற்றாண்டில் இந்த ஜாடி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் ஆரம்பித்தது. 1982 ஏஷியாட்டை ஒட்டிக் கலர் வந்தது. அந்தக் கலர் பிக்சர் டியூபை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக் குடுவை. உள்ளே கருப்புக் கடத்திப் பூச்சு, வெளியே கருப்புக் கடத்திப் பூச்சு. உள்பூச்சுக்கு ஒரு பக்கத்துப் பொத்தான் வழியாக 25,000 வோல்ட் போல ஏற்றுவார்கள். இது லைடன் ஜாடி இல்லாமல் வேறென்ன? கொள்ளளவும்கூட ஒரு பழைய ஜாடியின் அளவுதான், சில ஆயிரம் பிக்கோஃபாரட். டி.வி. மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூடிரைவரில் வயர் கட்டி, வயரின் மறுமுனையை டியூபின் வெளிப்பூச்சைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டி, ரப்பர் மூடிக்கு அடியில் நுனியை நுழைப்பார்கள். "டப்" என்று சத்தம். சற்றுப் பொறுத்து மறுபடி. 200 வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜிங் ராடும், அதே வரிசையும், அதே இரண்டாவது தொடலும். ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு. ஆனால் அடி பட்டவன் கையை உதறும்போது டியூபின் கழுத்து உடைந்தால் கண்ணாடி சிதறும். வெட்டுவது மின்சாரமல்ல, கண்ணாடி. இதை நான் யாரிடமிருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

எல்லா டிஸ்சார்ஜும் தவிர்க்க வேண்டியதல்ல. அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1930களில் கண்டென்சரை வாயுக் குழாய்க்குள் இறக்கி வெளிச்சம் எடுத்தார். இன்றைய ஃப்ளாஷின் வம்சம் அங்கேதான். 1962ல் டாக்டர் பெர்னார்ட் லவுன் கண்டென்சரை நேரே நோயாளியின் மார்பில் இறக்கி, தாறுமாறாகத் துடித்த இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் டிஃபிப்ரிலேட்டரை வெளியிட்டார். அந்தப் பெட்டியில் ஒரு நல்ல ஏற்பாடு. மின்னேற்றிவிட்டு ஷாக் கொடுக்காமல் விட்டால், சற்று நேரத்தில் அது தானே உள்ளுக்குள்ளேயே ஆற்றலை இறக்கிவிடும். தொரட்டியை உள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள்!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குக் கொஞ்சம் கணக்கு. வால்வு போயாயிற்று, 5 வோல்ட்டில் வேலை செய்கிறோம், எங்களுக்கு என்ன என்று நினைக்காதீர்கள். அந்த 5 வோல்ட்டைத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்தால், 230 வோல்ட் ஏ.சி.யை நேரே திருத்தி 325 வோல்ட் டி.சி. ஆக்கி ஒரு எலெக்ட்ரோலிட்டிக்கில் ஊற்றியிருப்பார்கள். (1896ல் கரோல் பொல்லாக் என்பவர் காப்புரிமை கேட்ட அலுமினிய வகைதான் அதற்கு மூதாதை.) பெரிய சப்ளையில் 470 மைக்ரோஃபாரட் இருக்கும். 25 ஜூல். ஒரு கிலோ படிக்கல்லை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டுக்கொள்வதற்குச் சமம். எங்கள் டிரான்ஸ்மிட்டரைப் போல ஆறு மடங்கு, உள்ளங்கை அகலப் பெட்டிக்குள். அதன் ப்ளீடர் 1 லட்சம் ஓம் என்றால் 50 வோல்ட்டுக்கு இறங்கவே ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவும் ப்ளீடர் நன்றாக இருந்தால்.

ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தட்டுவது வீரமல்ல. நுனி உருகும், டெர்மினலில் குழி விழும், கண்டென்சருக்குள் இருக்கும் இணைப்புகளும் கெடும், தெறிக்கும் உலோகம் கண்ணுக்குப் போகும். 2,000 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக உறை போட்ட வயர்களில் பற்ற வைத்து, கையில் உலோகம் படாதபடி இரு முனையிலும் வைத்தால், மேலே சொன்ன 470 மைக்ரோஃபாரட் ஐந்து விநாடியில் இறங்கிவிடும். கடைக்காரர்கள் 60 வாட் பல்பை வைத்து இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் அது பிடிக்கும், எரிந்து அணைவது கண்ணுக்குத் தெரிகிறதே. ஆனால் பல்பின் இழை அறுந்திருந்தாலும் எரியாது. எரியாத பல்பைப் பார்த்துக் கண்டென்சர் காலி என்று நினைப்பதும், அறுந்த ப்ளீடரை நம்பியதும் ஒரே தப்புதான். ஆகவே கடைசியில் மீட்டர். டி.சி. வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டரே சரியாக இருக்கிறதா என்பதைத் தெரிந்த ஒரு பேட்டரியில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் மீட்டர் 1 கோடி ஓம் போல இருப்பதால் அது அளக்கும், இறக்காது, அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்கள், எச்சம் வந்திருக்கும். பெரிய எண்ணெய்க் கண்டென்சரை அலமாரியில் வைப்பதானால் இரு டெர்மினலையும் ஒரு வெறுங்கம்பியால் கட்டி வையுங்கள்.

ஊரில் அப்பாவுக்குத் தோட்டம் இருப்பவர்கள் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரையும் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் உள்ளிருக்கும் சுவிட்சு ஸ்டார்ட்டிங் கண்டென்சரைக் கழற்றிவிடும். கழன்ற கணத்தில் இருந்த சார்ஜ் வடிய வழி இல்லாமல் அப்படியே இருக்கும். கரண்ட் போய்விட்டதே என்று கையை விடுகிறவர்கள் அதிகம். மின்சாரக் கார் வந்த பிறகு அதற்கும் இதே கதை. சர்வீஸ் பிளக்கை உருவிய பின்பும் சில நிமிடம் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே தொட வேண்டும் என்று அதன் கையேடுகள் சொல்கின்றன.

போன வருடம் ஒரு வேலையாக வந்தபோது லேபை எட்டிப் பார்த்தேன். தரைக்கு டைல்ஸ், மேலே ஏ.சி., மேஜைக்கு மேஜை டிஜிட்டல் ஸ்கோப். மீட்டர் அலமாரிக்கு இப்போது இரும்புக் கதவு. டிரான்ஸ்மிட்டரை எப்போதோ கழித்துக் கட்டிவிட்டார்கள். மூலையில் மூங்கில் கம்பு சாய்ந்து நின்றது. "அதுவா சார்? மேல வென்டிலேட்டர் கொக்கிய இழுக்க வச்சிருக்கோம்" என்றார் இப்போதைய டெக்னீஷியன் தம்பி. பின்னல் கம்பியும் ரெசிஸ்டரும் இல்லை. பித்தளைக் கொக்கி அதேதான், கறுத்திருந்தது. அது என்ன என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மெமோவைப் பற்றி டிபார்ட்மென்டில் ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறேன். பழைய ஃபைல் இருக்கிறதா பார்க்கிறோம் என்றார்கள்.

ஒரு முழம் பின்னல் கம்பியும், ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டரும், ஒரு கிளிப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். ரீயூனியன் அன்று காலை டிபன் முடிந்ததும் லேபைத் திறந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பற்றவைக்க அவனும் வருகிறான்.